பூல் மேதைகளின் காட்சி ஆட்டங்கள்: நீங்கள் பார்த்தவற்றில் மனத்தில் நின்றது எது?

பச்சைத்துணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பூல் என்னும், மேஜைமேல் பந்துகளைக் கோலால் அடித்து ஓரத்திலுள்ள பாக்கெட்டுகளில் இடும் ஆட்டத்தின் பெரிய வீரர்கள் பட்டத்துக்காக அல்லாமல் பார்வையாளர்களுக்காகவே ஆடிக் காட்டும் காட்சி ஆட்டங்களை நேரில் பார்த்தவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள் என்று நம்பி இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அண்மையில் அப்படியோர் ஆட்டத்தை மிக அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஆடியவர் உலக அளவில் பெயர் பெற்ற மூத்த வீரர். முதலில் அவர் அந்த மன்றத்தின் சிறந்த ஆட்டக்காரருடன் ஆடினார். பிறகு வித்தை அடிகளைச் செய்து காட்டினார். கூட்டம் ஆரவாரம் செய்ததெல்லாம் இரண்டாம் பகுதிக்குத்தான். முதல் பகுதியின்போது பலர் தங்களுக்குள் பேசிக்கொண்டும் கைபேசியைப் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவர் அடித்த பந்துகளில் பெரும்பாலானவை பாக்கெட்டுக்கு அருகில் கிடந்தவை, கோணம் அதிகம் இல்லாதவை, யார் வேண்டுமானாலும் அடித்துவிடலாம் என்று தோன்றக்கூடியவை. சற்று நேரம் கவனித்த பிறகே, அந்த எளிமை தானாக அமைவதன்று, ஒவ்வோர் அடியிலும் அவரே உருவாக்கிக்கொள்வது என்பது எனக்கு உறைத்தது. பந்து பாக்கெட்டில் விழும் ஓசை அடங்குவதற்குள் கோலால் நேராக அடிக்கும் வெள்ளைப் பந்து அடுத்த பந்தின் பின்னால், சரியான பக்கத்தில், சரியான தூரத்தில் வந்து நின்றிருக்கும். அவர் மேஜையைச் சுற்றி நடந்ததுகூட மிகவும் குறைவு.

உங்களிடம் நான் அறிய விரும்புபவை இவை. தோல்வி குறித்த அச்சம் இல்லாத ஒரு காட்சி ஆட்டத்தில் ஒரு மேதையின் உண்மையான ஆட்டம் வெளிப்படுமா? நீங்கள் பார்த்தவற்றில், இன்றும் மனத்தைவிட்டு அகலாதது எது? மறுபடி இப்படியொரு வாய்ப்பு அமைந்தால் எந்த இடத்தில் அமர்ந்து எதைக் கவனிக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

பழையரசிகன் எழுதியது:

நண்பரே, முதல் பகுதியை நீங்கள் விடாமல் பார்த்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளிக்கிறது. உண்மையான ஆட்டம் வெளிப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிப்படும், சில வேளைகளில் போட்டியில் வெளிப்படுவதைவிடவும் முழுமையாக வெளிப்படும் என்பேன்.

வில்லி மாஸ்கோனியை எடுத்துக்கொள்ளுங்கள். 1941-க்கும் 1957-க்கும் இடையே உலகப் பட்டத்தை 15 முறை வென்றவர் அவர். இருந்தும் அவர் பெயரைச் சொன்னால் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது எந்தப் பட்டமும் அன்று. 1954 மார்ச் மாதம் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒரு காட்சி ஆட்டத்தில் அவர் ஒன்றுகூடத் தவறாமல் தொடர்ந்து 526 பந்துகளைப் பாக்கெட்டில் இட்ட நிகழ்ச்சிதான். உள்ளூர் ஆட்டக்காரர் ஒருவருடன் 200 புள்ளிகளுக்கென்று தொடங்கிய ஆட்டம் அது. 200-ஐ எட்டியதும் ஆட்டம் முடிந்துவிட்டது. ஆனால் பந்து தவறவில்லை என்பதால் அவர் ஆடிக்கொண்டே இருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அது நீண்டது. பட்டப் போட்டிகளிலோ 125 அல்லது 150 புள்ளிகளை ஒருவர் தொட்டவுடன் ஆட்டம் நின்றுவிடும். ஆகவே, ஒரு மேதை தன் எல்லைவரை போய்ப் பார்ப்பதற்குக் காட்சி ஆட்டமே இடம் கொடுத்தது.

அந்த எண்ணின் பெருமை விளங்க வேண்டுமானால் அவர் ஆடிய ஸ்ட்ரெயிட் பூல் முறையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இம்முறையில் எந்தப் பந்தை எந்தப் பாக்கெட்டில் இடப்போகிறோம் என்பதை அறிவித்துவிட்டு அடிக்க வேண்டும். பந்து ஒன்றுக்கு ஒரு புள்ளி. மேஜையில் உள்ள 15 பந்துகளில் 14 விழுந்ததும், மிஞ்சிய ஒன்றைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மற்ற 14 பந்துகளையும் முன்முனை மட்டும் காலியாக இருக்கும்படி மறுபடியும் முக்கோணமாக அடுக்குவார்கள். ஆட்டக்காரர் அந்த ஒற்றைப் பந்தைப் பாக்கெட்டில் இட்டு, அதே அடியில் வெள்ளைப் பந்தைக் குவியலுக்குள் செலுத்திப் பந்துகளைச் சிதறடிக்க வேண்டும். அப்படிச் சிதறடிக்காவிட்டால் அடுத்து அடிக்கப் பந்து இராது. 526 என்றால் இந்தக் கடினமான திருப்பத்தை அவர் 37 முறை வெற்றிகரமாகக் கடந்திருக்கிறார் என்று பொருள். அந்த மேஜை 8 அடி மேஜை, அதாவது சிறியதும் சற்று எளிதானதும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 9 அடி மேஜையில் 2019-இல் ஜான் ஷ்மிட் 626 பந்துகளையும், 2022-இல் ஜேசன் ஷா 714 பந்துகளையும் இட்டு அந்த எண்ணைக் கடந்துவிட்டார்கள். அவை சாதனையை முறியடிப்பதற்கென்றே மேற்கொண்ட முயற்சிகள். மாஸ்கோனியின் 526 அப்படி வந்ததன்று. ஊர் ஊராகச் சென்று ஆடிக்கொண்டிருந்த ஒருவரின் ஒரு மாலை நேர ஆட்டத்தில் வந்தது. என் கண்ணுக்கு அது இன்னும் மங்கவில்லை.

மாஸ்கோனி 1993-இல் காலமானார். அவரை நேரில் பார்க்கும் பேறு எனக்கு வாய்க்கவில்லை, ஒளிப்பதிவுகளில்தான் கண்டிருக்கிறேன். ஆனால் அந்த மரபில் வந்த முதியவர் ஒருவரின் காட்சி ஆட்டத்தை என் இளமையில் மேஜைக்கு மிக அருகில் நின்று பார்த்தேன். பந்துகள் குறையக் குறைய அவர் முகத்தில் கவனம் கூடிக்கொண்டே போனது. நாங்கள் எல்லோரும் எஞ்சியவை நான்கு பந்துகள்தானே என்று இளைப்பாறிய நேரத்தில், அவர் அடிக்காமல் நின்று மேஜையை வெகுநேரம் பார்த்தார். குவியல் அடுக்கப்படும் இடத்துக்கு அருகே கிடந்த ஒரு பந்தைக் கடைசிவரை தொடவே இல்லை. அதற்கு முந்திய பந்தை, அதாவது ஆட்டக்காரர்கள் ‘கீ பால்’ என்று அழைக்கும் பதினான்காவது பந்தை, மிக மென்மையாக இட்டார். வெள்ளைப் பந்து ஒரு சாண் தூரம்கூட உருளவில்லை. ஆனால் அது நின்ற இடத்திலிருந்து பார்த்தால், விட்டுவைத்த பந்து பாக்கெட்டுக்குப் போகும் கோணமும் வெள்ளைப் பந்து குவியலுக்குள் பாயும் கோணமும் ஒரே அடியில் அமைந்திருந்தன. எட்டு அடிகளுக்கு முன்பே அவர் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது.

மூன்றாம்குஷன் எழுதியது:

ஐயா சொன்னதற்கு மேல் ஸ்ட்ரெயிட் பூலைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நான் பிலிப்பைன்ஸ் வீரர் எஃப்ரன் ரேயஸைப் பற்றி எழுதுகிறேன். பிலிப்பைன்ஸ் நாட்டு நண்பர்கள் சிலர் அழைத்துச் சென்றதால், அவர் ஐம்பது வயதைக் கடந்த பின் ஆடிய ஒரு காட்சி ஆட்டத்தைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

அவரைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சில செய்திகள்: 1954-இல் பிறந்தவர். சிறுவயதிலேயே உறவினர் நடத்திய பூல் கூடத்தில் வளர்ந்தவர். மேஜை எட்டாத வயதில் குளிர்பானப் பெட்டிகளின் மேல் நின்று ஆடிப் பழகியவர். 1985-இல் அமெரிக்காவுக்குச் சென்றபோது, தம் புகழ் முன்னதாகவே அங்கு எட்டியிருந்ததால், ‘சீசர் மொராலெஸ்’ என்ற வேறு பெயரில் ஹூஸ்டன் நகரப் போட்டியில் கலந்துகொண்டு வென்றார். 1994-இல் அமெரிக்க ஓப்பன் நைன் பால் (ஒன்பது பந்துகளைக் கொண்டு ஆடும் பூல் வகை) பட்டத்தை வென்ற முதல் வெளிநாட்டவர் ஆனார். 1999-இல் கார்டிஃப் நகரில் உலக நைன் பால் வாகையர் ஆனார். இவற்றையெல்லாம் எண்ணிக்கொண்டு போன எனக்கு, அரங்கத்துக்குள் நுழைந்த மனிதரைப் பார்த்ததும் வியப்பாக இருந்தது. எந்த ஆடம்பரமும் இல்லை. எதிரே ஆட வந்த இளைஞர் பதற்றத்தில் தடுமாறியபோது அவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அந்த இளைஞரின் தோள்கள் தளர்ந்ததை நான் கண்ணாரக் கண்டேன்.

காட்சி ஆட்டம் என்பதால் இளைஞர் தற்காப்பாக ஆடமாட்டார் என்று எதிர்பார்த்தோம். அவரோ துணிந்து, அடுத்துத் தொட வேண்டிய பந்தை மற்றொரு பந்துக்குப் பின்னால் முழுமையாக மறைத்துவிட்டார். நைன் பாலில் மேஜையில் உள்ளவற்றுள் மிகக் குறைந்த எண் கொண்ட பந்தைத்தான் வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும். தொடத் தவறினால் எதிராளி வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். ரேயஸ் தலையைச் சொறிந்துகொண்டு, மேஜை ஓரத்தில் பந்து மோதித் திரும்பும் தடுப்புகளான குஷன்களை ஒருமுறை பார்த்தார். பிறகு நீளமான அளவெடுப்பு எதுவும் இல்லாமல், க்யூ எனப்படும் ஆட்டக் கோலைத் தளர்வாகப் பிடித்து அடித்தார். வெள்ளைப் பந்து இரண்டு குஷன்களில் மோதித் திரும்பி, மறைந்திருந்த பந்தைத் தொட்டது. என்னைக் கவர்ந்தது அது தொட்டது மட்டும் அன்று. தொட்ட பிறகு இரண்டு பந்துகளும் எங்கே போய் நின்றன என்பதுதான். வெள்ளைப் பந்து மேஜையின் ஒரு கோடியிலும் மற்றது மறு கோடியிலும் குஷனை ஒட்டி நின்றன. தப்பிப்பதற்காக அடித்த அடியிலேயே எதிராளிக்கு ஒரு சிக்கலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இதைப் படிப்பவர்கள் 1995-இல் ரீனோ நகரில் அமெரிக்க வீரர் எர்ல் ஸ்ட்ரிக்லாண்டுக்கு எதிரான இறுதியாட்டத்தில் அவர் அடித்த புகழ்பெற்ற அடியை நினைவுகூர்வார்கள். இரண்டு குஷன்களில் மோதி வளைந்து வந்த வெள்ளைப் பந்து, மறைந்திருந்த பந்தைப் பாக்கெட்டில் இட்டுவிட்டு அடுத்த பந்துக்கும் சரியாக வந்து நின்றது. அது குருட்டு வாய்ப்பு என்று இன்றும் சிலர் வாதிடுகிறார்கள். அந்த ஒரு பதிவை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றக்கூடும். நேரில் ஒரு மாலை முழுவதும், சிறிய அடிகளிலும் பெரிய அடிகளிலும், அதே கணக்கு அவரிடம் திரும்பத் திரும்ப வருவதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஐயம் எழாது. இளமையில் பாக்கெட் இல்லாத கேரம் வகை பில்லியர்ட்ஸும் ஆடியவர் அவர். அதில் குஷன்களின் கணக்கே ஆட்டம். காட்சி ஆட்டத்தின் பயன் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். போட்டியில் ஒருமுறை மின்னி மறையும் திறமை, இங்கே நம் கண் முன்னால் இயல்பான பழக்கமாகத் தெரிகிறது.

கோணமானி எழுதியது:

உங்கள் மூவரின் பதிவுகளையும் விரும்பிப் படித்தேன். ஆயினும் வித்தை அடிகளைக் குறைத்து மதிப்பிடும் போக்கு இழையில் மெல்ல நுழைவதாகத் தோன்றுவதால் அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். காட்சி ஆட்டத்தின் இரண்டாம் பகுதிக்காகவே நான் பலமுறை சென்றிருக்கிறேன். அதற்காக வெட்கப்படவும் இல்லை.

வித்தை அடியில் பாதி வேலை அடிப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு பந்துகளில் பின்னதை அடித்தால், முன்னது ஏறக்குறைய அவ்விரண்டின் மையங்களையும் இணைக்கும் கோட்டின் வழியே போகும். தொடுதலில் உரசல் இருப்பதால் அந்தக் கோட்டிலிருந்து சிறிது விலகவும் செய்யும். இடையில் ஒரு தாள் அளவு இடைவெளி விழுந்தாலும் கணக்கு மாறிவிடும். நான் பார்த்த கலைஞர் ஒருவர், முழங்காலிட்டுக் கண்ணை மேஜை மட்டத்துக்குக் கொண்டுவந்து, பந்து துணியில் நன்றாகப் பதியும்படி அதன் உச்சியை மற்றொரு பந்தால் மெல்லத் தட்டி, மறுபடி பார்த்து, மறுபடி நகர்த்தினார். கூட்டம் பொறுமை இழந்தது, அவர் இழக்கவில்லை. அதன்பின் ஒரே அடியில் ஆறு பந்துகள் ஆறு பாக்கெட்டுகளில் விழுந்தன. துணி புதிதா பழையதா, காற்றில் ஈரம் உண்டா, பந்துகள் துடைக்கப்பட்டவையா என்பதெல்லாம் ஒவ்வோர் அரங்கிலும் மாறும். முன்பின் தெரியாத மேஜையில், நூறு கண்களுக்கு முன், இதைச் செய்வது எளிதன்று. வித்தை அடிகளுக்கென்றே நடக்கும் கலை பூல் போட்டிகளில் ஓர் அடிக்கு மூன்று முயற்சிகள் கொடுப்பதே அதன் கடினத்தைக் காட்டுகிறது.

வித்தை அடிகளுக்குப் பெயர் பெற்ற மைக் மாசியின் பதிவுகளைப் பாருங்கள். க்யூவை ஏறத்தாழ செங்குத்தாகப் பிடித்து மேலிருந்து குத்தும் மாஸே அடியில், பந்து முதலில் முன்னே ஓடி, பிறகு சுழற்சி துணியைப் பற்றிக்கொண்டதும் வளைந்து திரும்பும். எவ்வளவு ஓடவேண்டும், எங்கே திரும்பவேண்டும் என்பது க்யூவின் சாய்விலும் அது பந்தைத் தொடும் புள்ளியிலும் இருக்கிறது. தரையில் வைத்த பூட்ஸுக்குள் பந்தைப் பறக்கவிடும் அவருடைய அடி மக்களுக்கு மிகவும் பிடித்தது. எனக்குப் பிடித்தது அவர் க்யூவே இல்லாமல் விரல்களால் பந்தைச் சுழற்றிவிட்டு ஆடுவது. பந்தின் சுழற்சி எதைச் செய்யும் என்பதைக் கோலின் மறைவு இல்லாமல் அங்கே நேரடியாகக் காணலாம். பயிற்சி செய்யும் எவருக்கும் அது ஒரு நல்ல பாடம்.

இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். 1919-இல் முதல்முறை உலகப் பட்டம் வென்ற ரால்ஃப் கிரீன்லீஃப், பின்னாளில் நாடக அரங்குகளில் மனைவியுடன் மேடையேறி ஆடிக் காட்டினார். கீழே அமர்ந்திருப்பவர்களுக்கு மேஜையின் பரப்பு தெரியாது என்பதால், மேஜைக்கு மேலே பெரிய கண்ணாடி ஒன்றைச் சாய்த்துத் தொங்கவிட்டார்கள். இன்று நாம் தொலைக்காட்சியில் மேலிருந்து பார்க்கும் காட்சியை அன்றைய பார்வையாளர்கள் அந்தக் கண்ணாடியில் பார்த்தார்கள். அதே கிரீன்லீஃபுடன் ஆறு வயதுச் சிறுவனாக ஒரு காட்சி ஆட்டம் ஆடித் தோற்றவர்தான் பழையரசிகன் ஐயா குறிப்பிட்ட மாஸ்கோனி. அதுபோலவே நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஆறு வயதில் காட்சி ஆட்டம் ஆடிய ஜீன் பலூகஸ், பிற்காலத்தில் 1972 முதல் 1978 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் பெண்களுக்கான அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்றார். ஒன்பது வயதிலேயே அந்தப் போட்டியில் பங்கேற்றவர் அவர். பெண்கள் இந்த ஆட்டத்தில் எத்தனை உயரம் சென்றார்கள் என்பதைப் பேசும்போது காட்சி ஆட்டங்களின் பங்கை மறக்கக் கூடாது. போட்டிகளின் கதவு திறக்காத காலத்திலும் காட்சி மேடை அவர்களுக்குத் திறந்திருந்தது. ஜப்பானைச் சேர்ந்த மசாகோ கட்சுரா அமெரிக்கப் படைவீரர்கள் முன் ஆடிக் காட்டிப் புகழ் பெற்ற பிறகே, 1952-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மூன்று குஷன் பில்லியர்ட்ஸ் உலகப் போட்டியில் ஆண்களுக்கு எதிராக ஆடினார்.

நேர்கோடு எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் மாற்றுக் கருத்து ஒன்றையும் பதிவு செய்கிறேன். மேதையின் கை நடுங்க வாய்ப்புள்ள இடத்தில்தான் அவருடைய அளவு தெரியும். 1996-இல் ஹாங்காங்கில் ரேயஸும் ஸ்ட்ரிக்லாண்டும் மூன்று நாள் ஆடிய ஆட்டத்தில், 120 ஆட்டங்களை முதலில் வெல்பவருக்கு 1,00,000 டாலர் என்பது பந்தயம். பெரும்பகுதி பின்தங்கியிருந்த ரேயஸ் 120-க்கு 117 என்ற கணக்கில் வென்றார். அந்தக் கடைசி ஆட்டங்களின் இறுக்கத்தை எந்தக் காட்சி ஆட்டமும் தர முடியாது.

இருப்பினும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 1978-இல் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியில் மாஸ்கோனியும் மினசோட்டா ஃபேட்ஸ் என்று அறியப்பட்ட ருடால்ஃப் வாண்டரோனும் ஆடிய ஆட்டம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. பட்டம் எதுவும் அதில் இல்லை. ஃபேட்ஸ் ஓயாமல் பேசிக் கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்தார். அறுபதைக் கடந்திருந்த மாஸ்கோனி இறுகிய முகத்துடன் பந்துகளைப் பாக்கெட்டில் இட்டுக்கொண்டே போய் வென்றார். அந்த ஆட்டத்தின் பதிவைப் பார்க்கும்போது, மாஸ்கோனியைப் பொறுத்தவரை காட்சி ஆட்டம் என்று ஒன்று இருந்ததே இல்லையோ என்று தோன்றும்.

பச்சைத்துணி எழுதியது:

நீங்கள் அனைவரும் இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. கோணமானி அவர்களே, வித்தை அடிகளை அடுக்கும் விதத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு, நான் பார்த்த இரண்டாம் பகுதியையும் வேறு கண்ணோடு நினைத்துப் பார்க்கிறேன். அந்த மூத்த வீரரும் பந்துகளை அடுக்குவதற்கு எடுத்துக்கொண்ட நேரம் இப்போதுதான் எனக்குப் பொருள்படுகிறது. எங்கே அமர்வது என்ற கேள்விக்கு மட்டும் யாராவது பதில் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழையரசிகன் எழுதியது:

முன்வரிசையின் நடுவில் அமர எல்லோரும் போட்டியிடுவார்கள். நான் மேஜையின் குறுகிய பக்கத்தின் பின்னால், பிரேக் (அடுக்கிய பந்துகளைச் சிதறடிக்கும் தொடக்க அடி) அடிக்கும் முனைக்கு எதிர்ப்புறத்தில், ஒரு மூலையை ஒட்டி நிற்பேன். பந்துகள் அடுக்கப்படும் பகுதி அங்கேதான் இருக்கிறது; ஸ்ட்ரெயிட் பூலில் ஆட்டத்தின் பெரும்பகுதி அதைச் சுற்றியே நடக்கும். நின்றுகொண்டு பார்க்க அனுமதித்தால் அமர வேண்டாம். கண் மேஜைக்கு மேலே உயரமாக இருந்தால்தான் பந்துகளுக்கு இடையே உள்ள வழிகள் தெரியும்.

பார்க்கும் முறைக்கு ஒரு பழக்கத்தைச் சொல்கிறேன். வீரர் குனிந்ததும் அவர் அடிக்கப்போகும் பந்தைப் பார்க்காதீர்கள். அது விழுந்துவிடும் என்று நம்பி, வெள்ளைப் பந்தையே பாருங்கள். மோதிய இடத்திலேயே அது நின்றால், நேர்கோட்டில் அடித்து நிறுத்தியிருக்கிறார். சுழற்சியில்லாமல் வழுக்கிச் சென்று மோதினால், அடிபட்ட பந்து போகும் திசைக்குச் செங்கோணத்தில் விலகும். உருண்டுகொண்டே போய் மோதினால் அதைவிட முன்னோக்கிச் செல்லும். பின்சுழற்சியுடன் மோதினால் பின்னோக்கி வளையும். இந்த நான்கையும் பிரித்தறியத் தெரிந்துகொண்டு, ஒவ்வோர் அடிக்கும் முன்பு வெள்ளைப் பந்து எங்கே வந்து நிற்கும் என்று மனத்துக்குள் ஓர் இடத்தைக் குறித்துவையுங்கள். தொடக்கத்தில் உங்கள் இடமும் அவருடைய இடமும் வெகுதூரம் விலகியிருக்கும். அவர் ஏன் அங்கே நிறுத்தினார் என்ற காரணம் பெரும்பாலும் இரண்டு பந்துகள் கழித்தே தெரியவரும் என்பதால், அதுவரை கண்ணை மேஜையிலிருந்து எடுக்காதீர்கள். ஆட்டம் முடிந்ததும் தயங்காமல் போய், ஒரு குறிப்பிட்ட அடியைச் சொல்லி ஏன் அப்படி அடித்தீர்கள் என்று கேளுங்கள். நான் பார்த்த முதியவர் எங்கள் கேள்விக்காகப் பந்துகளை மறுபடியும் அதே இடங்களில் வைத்து, வேறு வழியில் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் அடித்தே காட்டினார்.